குதித்தலும் தாவலும் பாய்தலும்

தமிழில் சொல்வளம் உண்டு என்று பெருமை பேசுவோர் பலர். அவ்வளத்தை எடுத்து ஆள்வோர் சிலர். ஆளும்போது தேர்ந்து ஆள்வோர் மிகச் சிலர். இதழ்களில் வரும் கதைகளையும் நாளேடுகளில் வரும் செய்திகளையும் சற்றே ஊன்றிப் படித்தால் இவ்வுண்மை விளங்கும். எழுதப் பழகுவோர்க்கு நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: வந்த சொல்லே மீண்டும் வரலாகாது, அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தேடு என்பது அது. பள்ளிக் கட்டுரை எழுதிய நாள் முதல் நம்மில் பலர் இதனை வேதவாக்காகவே கொண்டு விட்டோம். இவ்வறிவுரை நன்மை செய்தது உண்டு. தீமை செய்ததும் உண்டு. அத்தீமை எத்தகையது என்பதை ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்வது, நிலத்தை விட்டுக் கால் மேலெழும்பும் வினை.

குதி, தாவு, பாய், துள்ளு, தாண்டு, எம்பு, எகிறு, தத்து என இவ்வினைக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. பழைய இலக்கியத்துக்குள் புகுந்தால் உகள், வாவு, பிறழ் என்பனவும் வந்து சேரும். இவை அனைத்தும் ஒன்றா? ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் பொருள் மாறாதா? மாறும் என்பதே நம் கருத்து. சில இடங்களில் வருணனை மட்டும் மாறும். வேறு சில இடங்களில் ஒரு மனிதரைப் பற்றிய நம் தீர்ப்பே மாறிவிடும்.

நிகண்டும் உரைநடையும்

நம் முன்னோர் சொற்களைப் பொருள்வழித் தொகுத்து வைத்தனர். திவாகரம் முதலிய நிகண்டுகளில் செயல் பற்றிய பெயர்த் தொகுதி என்றே ஒரு பிரிவு உண்டு. மனப்பாடம் செய்வதற்கு ஏற்பச் செய்யுளாக அமைந்த நூல்கள் அவை. வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டு தொகுத்த சதுரகராதி, அந்தச் செய்யுட் கட்டினை அவிழ்த்துச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகள் அமைந்தமையால் அது சதுரகராதி ஆயிற்று. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. ஒரு பொருளுக்குரிய பல சொற்களை ஒருசேரக் காணும் வசதி இத்தகைய உழைப்பால் நமக்குக் கிடைத்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நிகண்டு முதன்மையாகப் புலவனுக்குத் துணை. மோனையும் எதுகையும் தேடும் புலவனுக்கு ஒரே பொருளில் நாலைந்து சொற்கள் தேவைப்பட்டன. சீருக்கு இசையாத சொல்லை விலக்கி இசையும் சொல்லை அவன் அமைத்துக்கொண்டான். உரைநடை எழுதும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. தளை தட்டும் என்ற அச்சமின்றிச் சரியான சொல்லையே எழுதும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையை விட்டுவிட்டு, புலவனின் நெருக்கடியை மட்டும் நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

அகராதி ஒரு சொல்லுக்கு எதிரே மற்றொரு சொல்லை எழுதும்போது, இரண்டும் ஒன்று என்று அது கூறவில்லை. இரண்டும் அண்டை வீட்டார் என்றே கூறுகிறது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நன்கு அறிவர். ஆனால் ஒருவர் வீட்டுப் பெயரில் மற்றவர் வாழ்வதில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உடல்

கற்பனையாக ஒரு பத்தியை அமைத்துப் பார்ப்போம். ‘மணி மதிலிலிருந்து பாய்ந்தான். எகிறி வாய்க்காலைத் துள்ளினான். தெருவெல்லாம் தாவித் தாவி ஓடித் தாயின் முன் குதித்து நின்றான்.’ கூறியது கூறல் என்ற குற்றம் இதில் இல்லை. ஐந்து இடங்களில் ஐந்து சொற்கள் வந்துள்ளன. ஆனால் மணி என்ற சிறுவனை நம்மால் காண முடிகிறதா? மதிலிலிருந்து யார்மேல் பாய்ந்தான்? வாய்க்காலை எவ்வாறு துள்ள முடியும்? தெருவில் தாவுவதற்கு அங்கே கிளை ஏது? சொற்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சிறுவனோ கண்ணில் படவே இல்லை.

இதனையே இவ்வாறு எழுதிப் பார்ப்போம். ‘மணி மதிலிலிருந்து குதித்தான். வாய்க்காலைத் தாண்டினான். தெருவெல்லாம் துள்ளிக்கொண்டு ஓடித் தாயின் முன் வந்து நின்றான்.’ சொற்கள் எளியவை, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் சிறுவன் இப்போது தெரிகிறான். அவன் மனநிலையும் தெரிகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று காண்போம்.

குதித்தல் நிலத்தை நோக்கிய வினை. குதி என்பது குதிகாலையும் குறிக்கும் என்பது இங்கு எண்ணத்தக்கது. குதிப்பவன் எழும்பினாலும் நம் கண் அவன் இறங்கும் இடத்தையே தேடுகிறது. மதிலிலிருந்து குதித்தான், ஓடும் பேருந்திலிருந்து குதித்தான், குளத்தில் குதித்தான் என்பன இயல்பாக வருகின்றன. நின்ற இடத்திலேயே மேலும் கீழுமாகக் குதிப்பதும் உண்டு. சினம் கொண்டவன் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறான் என்கிறோம். அவன் எங்கும் போய்ச் சேருவதில்லை என்பதே அவ்வழக்கின் நயம்.

தாவுதலுக்கு இரு முனைகள் வேண்டும். விட்ட பிடி ஒன்று, பற்றும் பிடி மற்றொன்று. குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது. கொடி கொழுகொம்பைத் தேடித் தாவுகிறது. பாட்டியின் இடுப்பில் இருக்கும் குழந்தை, தாய் வாயிற்படியில் வருவதைக் கண்டதும் இரு கைகளையும் நீட்டித் தாவுகிறது. இங்கே குழந்தை குதித்தது என்று எழுதினால் படிப்பவர் நெஞ்சம் பதறும். கீழே விழுந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். தாவியது என்று எழுதும்போது ஏற்றுக்கொள்ளும் கைகளும் அச்சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. தாயைப் பற்றித் தனியே ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை.

பாய்தல் முன்னோக்கிய வினை. அதற்கு இலக்கும் வேகமும் உண்டு. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது பழமொழி. காளை பாய்கிறது. அம்பு பாய்கிறது. மடை திறந்தால் நீர் பாய்கிறது. கம்பியில் மின்சாரம் பாய்கிறது. இவை அனைத்திலும் அடக்கி வைக்கப்பட்ட ஆற்றல் ஒன்று வழி கண்டு வெளிப்படுவதைக் காணலாம். அதனால்தான் வெறுமனே மதிலிலிருந்து இறங்கும் சிறுவனுக்குப் பாய்தல் பொருந்தவில்லை. மதிலுக்குக் கீழே மாங்காய் திருடும் தோழன் நின்றிருந்தால் அச்சொல் பொருந்தியிருக்கும்.

துள்ளுதலுக்கு இலக்கு இல்லை. அது உள்ளிருந்து எழுவது, விட்டு விட்டு எழுவது. கன்று துள்ளுகிறது, ஆட்டுக்குட்டி துள்ளுகிறது, மகிழ்ச்சியால் உள்ளம் துள்ளுகிறது. செய்யுள் இலக்கணத்தார் கலிப்பாவின் ஓசைக்குத் துள்ளல் என்று பெயரிட்டது பொருத்தமே. ஆனால் துள்ளல் எப்போதும் இன்பத்தையே குறிக்கும் என்று கொள்ளலாகாது. வலையிலிருந்து மணலில் கொட்டப்பட்ட மீனும் துள்ளுகிறது. வாங்க வருவோர்க்கு அது புதிய மீன் என்பதன் அடையாளம். மீனுக்கோ அது மூச்சுத் திணறல். துள்ளத் துடிக்க என்னும் தொடரைப் பேச்சுவழக்கு எந்த இடத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கரையில் மீன்கள் மகிழ்ந்து துள்ளின என்று எழுதுகிறவர் கடற்கரையைக் கண்டவர் அல்லர்.

எம்புதல் எட்டாததை எட்ட முயல்வது. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் சிறுவன் தேரைக் காண எம்பி எம்பிப் பார்க்கிறான். எகிறுதலில் அளவு மீறல் இருக்கிறது. பந்து எகிறுகிறது, விலைவாசி எகிறுகிறது, பெரியவர் முன் இளையவன் எகிறுகிறான். தத்துதல் சிறிய கால்களின் வினை. குருவியும் தத்தும், நடை பழகும் குழந்தையும் தத்தும். வேளாண்மைத் துறையார் பயிரை அழிக்கும் சிறு பூச்சி ஒன்றைத் தத்துப்பூச்சி என்று அழைப்பதிலும் அச்சொல்லின் அளவு மாறவில்லை. எம்புதலை எழுதும் இடத்தில் எகிறுதலை எழுதினால் ஏங்கும் சிறுவன் திமிர் பிடித்தவன் ஆகிவிடுவான்.

தாண்டுதலா, பாய்தலா?

தாண்டுதல் மேற்கூறிய சொற்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. மற்றவை உடலைக் காட்டும். இது தடையைக் காட்டும். வாய்க்கால், வேலி, வாயிற்படி, வரம்பு என ஏதேனும் ஒன்று குறுக்கே கிடந்தால்தான் தாண்ட முடியும். எனவேதான் ஒழுக்கம் பற்றிய பேச்சிலும் இச்சொல் இடம் பெறுகிறது. பேச்சு எல்லை தாண்டியது, வாக்கு வாயிலைத் தாண்டியது என்கிறோம்.

இவ்வேறுபாட்டை விளையாட்டுத் திடலில் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டில் நாம் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் என்கிறோம். இலங்கைத் தமிழரோ உயரம் பாய்தல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் என்கின்றனர். ஒரே விளையாட்டு, ஒரே மொழி, இரு பார்வைகள். எது சிறந்தது என்று கேட்டால், விளையாட்டுக்கு விளையாட்டு விடை மாறும் என்போம்.

2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரத்தை வென்று தங்கம் பெற்றார். அங்கே குறுக்கே ஒரு கம்பி இருந்தது. அதன்மேல் படாமல் உடலைக் கடத்த வேண்டும். கம்பிதான் நடுவர். ஆகவே தாண்டினார் என்பது முற்றும் பொருந்துகிறது. 1974-ஆம் ஆண்டு தெகரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் டி. சி. யோகன்னான் 8.07 மீட்டர் கண்டு தங்கம் பெற்றார். அங்கே தாண்டுவதற்குத் தடை ஏதும் இல்லை. ஓடிவந்து, பலகையில் கால் ஊன்றி, மணற்குழியை நோக்கி உடலை எறிவதே விளையாட்டு. இதற்கு ஈழத்தார் வழங்கும் பாய்தல் என்பதே நெருக்கமான சொல். பாடநூலில் நிலைத்துவிட்ட கலைச்சொல்லை மாற்றவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஒரு கதையில் ஓர் இளைஞன் மணற்குழியை நோக்கி ஓடிவரும் காட்சியை எழுதுகிறவர், போட்டியின் பெயர் தாண்டுதல் என்பதாலேயே அவன் உடலின் பாய்ச்சலை எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

வட்டார வழக்கு தரும் பாடமும் இத்தகையதே. குமரி மாவட்டத்தில் கிணற்றில் சாடினான் என்றால் குதித்தான் என்பது பொருள். மேடையில் தலைவர் எதிர்க்கட்சியைச் சாடினார் என்றால் பொருள் வேறு. அம்மண்ணின் மாந்தரைப் பேச வைக்கும் கதையில் சாடினான் என்பது உயிருள்ள சொல். அதனை வேற்றூர்க் கதையில் புதுமைக்காகச் செருகினால் படிப்பவர் திகைப்பர்.

முன்னோர் காட்டிய வழி

பழந்தமிழ்ப் புலவர்கள் இச்சொற்களை எவ்வாறு ஆண்டனர் என்று நோக்குவது பயனுடையது. மருத நிலக் காட்சிகளில் வாளை பாய்கிறது, கயல் உகள்கிறது, கெண்டை பிறழ்கிறது. வாளை பெரிய மீன், அதற்குப் பாய்ச்சல் உண்டு. கயல் சிறியது, அது உகள்கிறது. பிறழும் கெண்டையிடம் நாம் காண்பது புரளும்போது தோன்றும் வெள்ளொளி. தேரிற் பூட்டிய குதிரைகள் வாவுகின்றன. சில இடங்களில் இவை மாறியும் வரும், யாப்பு அதற்குக் காரணமாகலாம். ஆயினும் பொதுப்போக்கை நோக்கினால் புலவர் குளக்கரையில் நின்று பார்த்தவர் என்பது தெரிகிறது.

கம்பராமாயணத்துச் சுந்தர காண்டத்தின் முதற் படலத்துக்குக் கடல் தாவு படலம் என்று பெயர். தலைப்பிட்டவர் யாராயினும் அவர் சொல்லறிந்தவர். குதி என்றிருந்தால் அனுமன் கடலுக்குள் விழுந்திருப்பான். தாண்டு என்றிருந்தால் கடல் என்னும் தடை மட்டுமே முன்னின்றிருக்கும். பாய் என்றிருந்தால் வேகம் தெரியும், சென்று சேர்தல் தெரியாது. தாவு என்றதால் இக்கரையில் மயேந்திர மலையை விட்டதும், அக்கரையில் இலங்கையைப் பற்றியதும் ஆகிய இரண்டும் அடங்கின. கிளைக்குக் கிளை தாவும் இனத்தில் பிறந்தவன் கடலையும் அவ்வாறே கொண்டான் என்னும் நயமும் உடன் அமைந்தது. ஈரெழுத்துச் சொல் ஒன்று ஒரு படலத்தையே தாங்கி நிற்கிறது.

எழுத்தின் அமைப்பைப் பற்றிப் பேசும்போதும் இலக்கணிகள் இவ்வினையை நாடினர். நன்னூலார் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் முறைகளுள் ஒன்றினைத் தவளைப் பாய்த்து என்றார். இடையில் உள்ளவற்றைக் கடந்து சென்று, சேய்மையில் உள்ளதனோடு பொருந்துவது அது. தவளை வெறுமனே மேலெழும்பிக் குதிப்பதில்லை. போய்ச் சேரும் இடம் பார்த்தே பாய்கிறது. இங்கும் சொல் தற்செயலாக அமையவில்லை.

இதனைக் கூறுவதால், உகள் என்றும் வாவு என்றும் இன்று எழுத வேண்டும் என நாம் பரிந்துரைப்பதாகக் கொள்ளற்க. ஆட்டுக்குட்டிகள் உகண்டன என்று ஒரு சிறுகதையில் எழுதினால் படிப்பவர் குட்டியை விட்டுவிட்டு அகராதியைத் தேடுவார். முன்னோரிடம் கற்க வேண்டியது அவர்தம் சொல்லையன்று, அவர்தம் பார்வையை.

செய்தித்தாளின் குதிப்புகள்

உடலின் வினை உள்ளத்தின் வினைக்கும் சமூகத்தின் வினைக்கும் உருவகமாகும்போது நம் பொறுப்பு பெருகுகிறது. நாளேடுகளில் பழகிப்போன மூன்று தொடர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, போராட்டத்தில் குதித்தனர் என்பது. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர் என்று தலைப்பு வருகிறது. அவர்கள் முன்னரே கோரிக்கை கொடுத்திருப்பர், பேச்சு நடத்தியிருப்பர், அறிவிப்பு அனுப்பியிருப்பர், கூட்டம் கூட்டி முடிவெடுத்திருப்பர். பல வாரங்கள் எண்ணி எடுத்த முடிவு அது. குதித்தனர் என்ற ஒரே சொல் அத்தனையையும் அழித்துவிட்டு, ஆராயாமல் ஆற்றில் இறங்கியவர்களாக அவர்களைக் காட்டுகிறது. தொடங்கினர் என்று எழுதினால் செய்தி குறைவதில்லை. நேர்மைதான் கூடுகிறது.

இரண்டாவது, கட்சித் தாவல். 1985-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தத்தால் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. அதனைத் தமிழில் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று வழங்குகிறோம். கிளைவிட்டுக் கிளை தாவும் காட்சி மனத்தில் பதிவதால் இப்பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சட்டம் கூறுவது அதனினும் விரிந்தது. வேறு கட்சியில் சேராமலே தம் கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாக விட்டவருக்கும் அது பொருந்தும். கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களித்தவரும் பதவி இழக்கக்கூடும். மனச்சான்றின்படி மாறி வாக்களித்த ஒருவர் எங்கே தாவினார்? அவர் தம் இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார். சட்டத்தின் பெயரில் உள்ள உருவகம், அவர்மேல் குரங்கின் பழியைச் சுமத்திவிடுகிறது. விவாதம் எழுதுவோர் இவ்விரு நிலைகளையும் பிரித்து எழுதுவது கடமை.

மூன்றாவது, சட்டம் பாய்ந்தது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தடுப்புக்காவல் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்கிறோம். இளைஞர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது என்ற தலைப்பைக் காணாத திங்கள் இல்லை. சட்டம் பாய்வதில்லை. அது ஏட்டில் கிடக்கிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ ஆணையில் கையெழுத்திடுகிறார். அக்கையெழுத்தால் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை சிறையில் வைக்க முடியும். பாய்ந்தது என்னும் சொல்லில் கையெழுத்திட்டவர் மறைகிறார், காரணம் கேட்கும் உரிமை மறைகிறது. மின்னல் விழுந்ததுபோலவோ புலி பாய்ந்ததுபோலவோ அது ஓர் இயற்கை நிகழ்ச்சியாகிவிடுகிறது. புலியிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆட்சியரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

குதித்தாளா, விழுந்தாளா?

இவையெல்லாம் சிறியவை என்று கருதத்தக்க ஓர் இடத்துக்கு இப்போது வருகிறோம். ஊர்க் கிணற்றில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. மறுநாள் நாளேட்டின் மூலையில் நான்கு வரிச் செய்தி வருகிறது. அச்செய்தியை எழுதுகிறவர் ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தாக வேண்டும்.

குதித்தாள் என்று எழுதினால் அது அவள் விருப்பம் என்று கூறியதாகும். விழுந்தாள் என்று எழுதினால் அது தற்செயல் என்று கூறியதாகும். இரண்டுக்கும் இடையே மற்றொன்றும் உண்டு. அவள் தள்ளப்பட்டிருக்கவும் கூடும். இம்மூன்றுள் எது உண்மை என்று கண்டறியவே சட்டம் தனி விசாரணையை வகுத்திருக்கிறது. முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவும் அதற்கெனவே உள்ளன. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய வகையில் இறந்தால் கோட்டாட்சியர் நேரில் விசாரிக்கிறார். உடற்கூறு ஆய்வு, உறவினர் வாக்குமூலம், அண்டை வீட்டார் சாட்சியம் எனப் பல நாட்கள் செல்கின்றன. அத்தனை பேரும் கூடித் தேடும் விடையை, நேரில் காணாத ஒருவர் ஒரே வினைமுற்றில் எழுதி முடித்துவிடுகிறார். அதன்பின் ஊர் அச்சொல்லையே பேசுகிறது. புகுந்த வீட்டார்க்கு அது கேடயமாகிறது. பெற்ற தாய்க்கு அது வாழ்நாள் முழுதும் ஆறாத பழியாகிறது. உண்மை பின்னர் வெளிப்பட்டாலும் நான்கு வரிச் செய்தியைத் திருத்த யாரும் வருவதில்லை.

எழுத்தாளர் தாம் அறிந்ததை மட்டும் எழுதினால் என்ன? ‘பெண்ணின் உடல் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. காவல்துறையினர் விசாரிக்கின்றனர்.’ இதில் அழகில்லை, விறுவிறுப்பில்லை. ஆனால் பொய்யில்லை. குதித்தல் என்னும் சொல் இங்கே வராமல் இருப்பதே அதனைச் சரியாக ஆளும் முறை.

தற்கொலை என்று உறுதியான இடத்திலும் கவனம் தேவை. ரயில் முன் பாய்ந்து என்று எழுதுவது பல்லாண்டு வழக்கமாகிவிட்டது. பாய்தல் வீறுடைய சொல் என்று முன்னர்க் கண்டோம். புலிக்கும் காளைக்கும் அம்புக்கும் உரிய சொல் அது. வாழ வழியறியாது தளர்ந்த ஓர் உயிரின் கடைசி நொடிக்கு அவ்வீறு எங்கிருந்து வந்தது? படிக்கும் மற்றொரு தளர்ந்த உள்ளத்துக்கு அச்சொல் துணிவின் சாயலைக் காட்டிவிடும் என்னும் அச்சம் வீணானதன்று. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் ஏற்ற நெறிமுறைகள், தற்கொலைச் செய்தியில் அதன் முறையை விவரிக்கலாகாது என்று வலியுறுத்துகின்றன. நெறிமுறையின் நோக்கம் உயிர் காப்பது. சொல்லாராய்ச்சி வேறு வழியில் சென்று அதே இடத்தை அடைகிறது.

நான்கு வினாக்கள்

இதுகாறும் கூறியவற்றை எழுதுவோர்க்குப் பயன்படும் வகையில் நான்கு வினாக்களாகத் தொகுக்கலாம். எங்கிருந்து எழும்புகிறார்? எங்கே போய்ச் சேருகிறார்? உடலின் எப்பகுதி முந்துகிறது? அது அவர் விருப்பமா, அச்சமா, மகிழ்ச்சியா, பிறர் தூண்டுதலா? இந்நான்குக்கும் விடை தெரிந்தால் சொல் தானே வந்து நிற்கும். இறங்கும் இடம் முதன்மையானால் குதித்தல், பற்றும் இடம் முதன்மையானால் தாவுதல், இலக்கு முதன்மையானால் பாய்தல், தடை முதன்மையானால் தாண்டுதல், உள்ளெழுச்சி முதன்மையானால் துள்ளுதல். விடை தெரியாவிட்டால் அகராதியைத் திறப்பதால் பயனில்லை. காட்சியை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால், தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே அறம்.

ஒரே சொல் மீண்டும் வருமே என்று அஞ்ச வேண்டாம். சிறுவன் மும்முறை குளத்தில் குதித்தான் என்றால் மும்முறையும் அவன் குதிக்கவே செய்தான். இரண்டாம் முறை பாயவும் மூன்றாம் முறை தாவவும் அவனை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. படிப்பவர் செவிக்கு ஒரு சொல் இருமுறை கேட்பதால் வரும் சலிப்பு சிறிது. காணாத காட்சியைக் கண்டதாக நம்ப வைக்கப்படுவதால் வரும் இழப்பு பெரிது.

இக்கருத்தோடு மாறுபடுவோரும் இருக்கலாம். வழக்கில் கலந்துவிட்ட சொற்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க இயலுமா என்று அவர்கள் கேட்கக்கூடும். பேச்சில் இயலாது, வேண்டுவதும் இல்லை. வாய்தவறி வந்த சொல்லை அடுத்த வாக்கியமே திருத்திவிடும், முகக்குறியும் துணை நிற்கும். அச்சேறிய சொல்லுக்கு அத்துணை இல்லை. எழுதியவர் உறங்கிய பின்னும் அது தனியே நின்று பேசுகிறது. கிணற்றங்கரைச் செய்தியைப் படிக்கும் தாய்க்கு அதனை விளக்கிச் சொல்ல எழுதியவர் அருகில் இருப்பதில்லை. ஆகவே அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வினைமுற்றை மட்டுமேனும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.